உதிரி

செவ்வாய்க்கிழமை
லோரியைப் பார்த்துக் கோப்பி குரைக்கவில்லை.
எடைமேடையில் பதினேழு லோரி ஏறி இறங்கின.
வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன், பசியாற வைத்த சோற்றை மோந்துவிட்டு
என்னைப் பார்த்தது,
நான்தான் சாப்பிட மறந்தவள் போல.
தண்ணீர்ச் சட்டி மட்டும் இருமுறை காலி.
மழைக்கு முன்னே நாய் இப்படித்தான் என்றார்
கேட்டில் இருக்கும் முத்துவீரன்.
மழை வரவில்லை.

செம்பனைக் குலையடியில்
உதிர்ந்ததை எண்ணி
பழமா காயா என்று சொல்பவள் நான்.
உதிரி இல்லாத குலைக்கு
வெட்டியவன் சம்பளத்தில் பிடிப்பேன்.

வியாழன். பாகாவ் கிளினிக்.
டாக்டர் யோங் அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினார்.
ஈறு,
துவைத்துத் துவைத்து வெளுத்த
சட்டைக் காலரின் உள்பக்கம்.
காது மடிப்பில் ஆமணக்கு விதைபோல் உண்ணிகள்.
எத்தனை நாளாய்?
இன்றுதான் என்றது வாய்.
விரல்கள் மூன்றாய் நின்றன.

ஊசி. மாத்திரை. மறுபடி திங்கட்கிழமை.
மோட்டார் கூடையில் உரச்சாக்கு விரித்து
மெதுவாக ஓட்டிவந்தேன்,
ஒவ்வொரு பள்ளத்துக்கும் மன்னிப்புக் கேட்டபடி.

வீட்டுக்குள் நுழைந்ததும்தான் உறைத்தது:
பூனை இரண்டு நாளாய்
அலமாரிக்கு அடியிலேயே இருக்கிறது.
சூட்டுக்கு என்று விட்டிருந்தேன்.

விளக்குப் போடாமல்
டார்ச்சைத் தேடுகிறேன்.