உள்ளது உள்ளபடி

மேட்டுப்பாளையத்தில் அது குளிர்ந்துதான் இருந்தது.
சமவெளியில் பொய் சீக்கிரம் சூடாவதில்லை.
சென்னியப்பன் பானெட்டைத் திறந்து காட்டினார்:
குங்குமப் பொட்டு வைத்த இன்ஜின்,
பம்பரில் எலுமிச்சம்பழம்,
மீட்டரில் அறுபத்தோராயிரம்.
"ஒரே ஓனர். டாக்டரம்மா.
ஆஸ்பத்திரி விட்டா வீடு."

நான் வர்க்கி போடுகிறவள்.
குன்னூரிலிருந்து கோத்தகிரி வரை
விடிவதற்குள் பதினேழு கடை.
ஒன்றே முக்கால் லட்சம் எண்ணி வைத்தேன்,
மைதா ஒட்டிய நோட்டுகள்.
ரசீதின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி:
உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது.

கல்லாறு தாண்டி மூன்றாம் வளைவில்
முள் சிவப்பைத் தொட்டது.
ஒன்பதாம் வளைவில் வண்டி மூச்சுவிட்டு நின்றது.
கைப்பிடிச் சுவரில் குரங்குகள்
கல்யாண வீட்டுப் பந்திபோல் உட்கார்ந்து
நான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் தேடியதைப் பார்த்தன.

"மலைன்னா சூடாகத்தான் செய்யும் மேடம்"
என்றார் போனில்.
பழியை மலைமேல் போட்டால்
மலை வந்து சாட்சி சொல்லாது என்று தெரிந்தவர்.

அருவங்காட்டு ஹாலன்
இன்ஜினைப் பிரித்து வைத்துவிட்டு
வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு ஹெட் கேஸ்கட்டில் அப்பியிருந்த பசையை
நகத்தால் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார்,
பிரசாதம் மாதிரி.

கடைக்காரர் ஒருவர் வழி சொன்னார்:
"கீழே யார் தலையிலாவது கட்டிவிடுங்க.
இறக்கத்துல சூடாகாதே!"
ஒரு ராத்திரி முழுக்க
அதையும் யோசித்துப் பார்த்தேன்.
சொல்ல வேண்டியதைத்தானே சொல்கிறேன்.

ஸ்டிக்கர் கிடைத்தது ஒரு மழைநாளில்.
டிரைவர் கதவின் உள்மடிப்பில்,
யாரோ சுரண்டி அலுத்துப்போய் விட்டது.
அடுத்த ஆயில் மாற்றம்: 1,38,000.
டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கு
டெல்லி வழியாகப் போயிருக்க வேண்டும்.

'கோவை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது'
என்றும் ரசீதில் அச்சடித்திருந்தார்கள்.
உதகை நுகர்வோர் ஆணையத்தில்
மூக்குக்கண்ணாடிக்கு நூல் கட்டிய எழுத்தர்
தலை நிமிராமல் சொன்னார்:
"நீங்க குடியிருக்கிற ஊர்லயே போடலாம்.
இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை.
மூணு நகல் எடுத்துட்டு வாங்க."

நான்கு வாய்தா.
நான்கு நாள் அடுப்பு எரியவில்லை.
ஐந்தாவது தடவை
"மனுதாரர் ஜெசிந்தா" என்று கூப்பிட்டபோது
கையில் ஸ்டிக்கர் படமும்
பிளாஸ்டிக் கவரில் பசையும்.
அவர் வக்கீல் எறும்பு வரியை உரக்கப் படித்தார்,
வேத வாக்கியம்போல.
எனக்குச் சட்டம் தெரியாது, தமிழ் தெரியும்.
"ஐயா, உள்ளதை உள்ளபடி விற்றவர்
உள்ளதை உள்ளபடி சொல்லவில்லையே?"
அறையில் யாரோ இருமினார்கள்.
உறுப்பினர் அம்மா
ஸ்டிக்கர் எண்ணைத் தாளில் எழுதி
மீட்டர் எண்ணை அதன்கீழ் எழுதி
சென்னியப்பனிடம் நீட்டினார்:
"கழிச்சுச் சொல்லுங்க."

அவருக்குக் கணக்கு வரவில்லை.

உத்தரவு வந்தது. பணம் வந்தது,
இரண்டு காசோலையாக; ஒன்று திரும்பிப்போய் மறுபடி வந்தது.
வண்டியை நானே இறக்கிக்கொண்டு போனேன்.
உண்மைதான், இறக்கத்தில் சூடாகவில்லை.

ஒப்படைப்புச் சீட்டை நான் எழுதினேன், பெரிய எழுத்தில்:
ஹாரன் அடிக்கும்.
இடது ஜன்னல் பாதிதான் இறங்கும்.
கேஸ்கட் போய்விட்டது, மேடு ஏறாது.
ஓடியது எவ்வளவு என்று மீட்டருக்கே தெரியாது.
பின்சீட்டில் வர்க்கித் தூள்.
உள்ளது உள்ளபடி ஒப்படைக்கப்பட்டது.
கையெழுத்துப் போட்டார், படிக்காமல்.

"தண்ணி கேன் வண்டியோடதுதானே?"
"இல்லை, என்னோடது."

பஸ்ஸில் மடியில் கேன், நிரம்பியபடியே.
ஒன்பதாம் வளைவில் குரங்குகள் இருந்தன.
என்னை அடையாளம் தெரிந்த மாதிரி
காட்டிக்கொள்ளவில்லை.