ஊர்ந்து வரும் தூரம்

மின்சாரத்துக்குக் காற்றில் குதிக்கவும் தெரியும்,
பரப்பின் மேல் ஊர்ந்து வரவும் தெரியும்.
குதிப்பதற்கு மூன்று மில்லிமீட்டர் விட்டால் போதும் என்று
சூரமங்கலம் பட்டறையில், மே மாதம்,
மின்விசிறி அனலைக் கிளறிக்கொண்டிருந்த மதியம்
வரைந்தேன்.
ஊர்வதற்கும் அதே மூன்றுதான்.
பெட்டி சின்னது.
"காப்பிப் பழம் உரிக்கிற மிஷினுக்கு
ராக்கெட்டா செய்யறோம்" என்றார் தனராசு.
மெகர் முள் முடிவிலியில் போய் ஒட்டிக்கொண்டது.
கையெழுத்துப் போட்டேன்.

சேலத்துத் தூசி காய்ந்த தூசி.
ஊதினால் போய்விடும்.

தை பிறப்பதற்குள் செம்மடுவிலிருந்து போன்:
தொட்டா ஷாக் அடிக்குது.

அடிவாரத்தில் பஸ் மூச்சு வாங்கியது.
காக்கைக்கு ஏற்காடு கூப்பிடு தூரம்.
பஸ்ஸுக்கு இருபது கொண்டை ஊசி.
பதினொன்றாவதில் தூங்கி
பதினாறாவதில் குளிரில் விழித்தேன்.
மழை இல்லை,
ஆனாலும் ஜன்னல் கம்பியில் தண்ணீர் கோத்திருந்தது.

கொட்டகையில் தரை, சுவர், சாக்கு எல்லாம் ஈரம்.
பெட்டியைத் திறந்தேன்.
என் மூன்று மில்லிமீட்டரில்
கறுப்பாய், கிளைவிட்டு, ஒரு வேர்.
பனியும் பழச்சாறும் சேர்ந்து ரோடு போட்டிருந்தன.
பிளக்கில் மூன்றாவது பின்னைக் காணோம்.
சுவரில் இரண்டு ஓட்டைதான்,
யாரோ குறடால் முறித்திருக்கிறார்கள்.
யாரோ என்ன,
என் வாடகை வீட்டில் இஸ்திரிப் பெட்டிக்கு
நானே முறித்திருக்கிறேன்.

மிஷினுக்கு அடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.
ஆம்பளைச் செருப்பு, பத்தாம் நம்பர்,
இடது வாருக்குப் பதில் சணல்.
யாருது, என்று கேட்டேன்.
"மிஷினுது" என்றாள் சீரங்காயி.

சுவிட்ச் போடுகிறவள் அதில் ஏறிக்கொள்வாள்.
போட்டதும் இறங்கிவிடுவாள், அடுத்தவளுக்கு.
விரலை மடக்கிப் புறங்கையால்தான் தொடுவாள்,
அடித்தால் கை தன் பக்கம் சுருங்கட்டும் என்று.
மூன்று பேருக்கு அடித்த பிறகு
அவர்களே கண்டுபிடித்தது.
ஐந்து பெண்கள். ஒரு ஜோடி.
என் வரைபடத்தில் அந்தச் செருப்பு இல்லை,
உதிரிப் பட்டியலில் இல்லை.
மொத்த மிஷினிலும்
அதுதான் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது.

கீழே வந்து பலகையை அறுத்தேன்.
இரண்டு தடங்களுக்கு நடுவே ஒரு நீளப் பிளவு,
சுற்றிக்கொண்டு வரட்டும் சனியன்.
காக்கை தூரம் கொஞ்சம்தான் கூடியது.
பஸ் தூரம் எட்டு மில்லிமீட்டர்.
தகரப் பெட்டியைத் தூக்கிப் போட்டு பிளாஸ்டிக்,
அதற்குள் இன்னொரு உறை.
மோட்டாருக்கும் உருளைக்கும் இடையில் நைலான் சக்கரம்.
மூடியில் சதுரத்துக்குள் சதுரம்:
மூன்றாவது பின்னை நம்பாதவர்களின் முத்திரை.
மெயினில், முப்பது மில்லி ஆம்பியர் கசிந்தாலே
விழுந்துவிடும் சுவிட்ச் ஒன்று.
அது யார் காசில் என்று
தனராசுவோடு இன்னும் பேசித் தீரவில்லை.

ஈரச் சாக்கு போர்த்தி ஒரு ராத்திரி வைத்தேன்.
காலையில் மூவாயிரம் வோல்ட், ஒரு நிமிஷம்.
டீ கொண்டு வந்த பையன்
வாசலிலேயே நின்றுவிட்டான்.

மாசியில் மறுபடி மலை.
"சோதிச்சாச்சு, இனி அடிக்காது."
சீரங்காயி என் காலைப் பார்த்தாள்.
தடித்த அடி வைத்த ஷூ.
"அதைக் கழட்டிட்டுத் தொடும்மா, பாக்கலாம்."

சான்றிதழ் பையில் இருந்தது.
கணக்கு எனக்கு மனப்பாடம்.
கால் மட்டும் அதைப் படித்திருக்கவில்லை.
நனைந்த சிமென்ட் உள்ளங்காலைக் கவ்வியது.
நாலு பேரும் கூடையை இறக்கிவிட்டு நின்றார்கள்.
மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.
விரலை மடக்கினேன்.
புறங்கையை வைத்தேன்.

மோட்டாரின் நடுக்கம் மட்டும்,
தூங்கும் பூனையின் வயிறு மாதிரி.

"ம்" என்றாள்.
பிறகு செருப்பில் ஏறி நின்று
சுவிட்சை அணைத்தாள்.