நாலு புள்ளி ஆறு

திரிசூலம் மலையில் மண் பேருக்குத்தான்.
கடப்பாரை இறங்கினால் பொறி பறக்கும்.
இந்தப் பாறைக்குள்தான்
மின்னலுக்கு வழி வெட்டச் சொன்னார்கள்.

இருபதடித் துளை. கரி, உப்பு, செம்புக் கம்பி.
சிமெண்டு மூடியில் சாக்பீஸால் தேதி.
மே மாதம் மீட்டர் வைத்தால்
பதினொரு ஓம் காட்டுகிறது.
ஐந்துக்குள் இருக்க வேண்டியது.
தாகம், வேறென்ன.

தண்ணீர் லாரியை வளைத்து வளைத்து ஏற்றிவந்த
இருதயராஜ் கேட்டார்:
"உள்ள என்ன மரம்மா வெச்சிருக்கே?"
கீழே பல்லாவரத்தில் ஒரு குடத்துக்கு நாலு கை.
நான் ரெண்டு குடத்தைக் குழியில் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.
நிமிர்ந்து பார்த்தேன்.
முப்பது மீட்டர், சிவப்பும் வெள்ளையுமாக,
ஒரு கிளை கிடையாது.
"இதான்" என்றேன்.

அப்புறம் முடிச்சுப் போடுகிற வேலை.
கோபுரத்தின் கால்கள், கேபிளின் செம்பு உறை,
ஜெனரேட்டர், பாட்டரி அலமாரி, இரும்புக் கதவு,
எல்லாம் ஒரே பட்டையில்.
கதவு எதுக்கு என்றார் கான்ட்ராக்டர்.
எல்லாம் சேர்ந்து லட்சம் வோல்ட்டுக்கு ஏறினால்
எதற்கும் ஒன்றும் ஆகாது சார்,
ஒன்று மட்டும் கீழே தங்கிவிட்டால்
அந்த இடைவெளியில்தான் தீப்பிடிக்கும்.
என் சம்பளத்தைச் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ,
டீ சொல்லப் போய்விட்டார்.

ஆடியில் யாரோ ஆறடிப் பட்டையை அறுத்துப் போனார்கள்.
செம்பு கிலோ என்ன விலை என்று எனக்கும் தெரியும்.
புதியதைக் கான்கிரீட்டுக்குள் புதைத்தேன்.

ஐப்பசி, ராத்திரி ரெண்டே கால்.
வேளச்சேரியிலிருந்து பம்பு ஆள் ஜெயசீலன் வயர்லெஸ்ஸில்:
"மூணாவது மோட்டார் ஓடுது. தண்ணி இடு
ப்பளவு. டிராக்டர் அனுப்புங்க."
அந்த 'இடு'வுக்கும் 'ப்பளவு'க்கும் நடுவில்தான் விழுந்தது.
எனக்குக் கேட்டது ஒரு சொடுக்கு.
அவருக்கு அதுவும் கேட்கவில்லையாம்.
டிராக்டர் போனது.

விடிந்ததும் ஏறினேன்.
கருகல் இல்லை, வாடை இல்லை.
இடி எண்ணும் பெட்டியில்
மூன்று இருந்த இடத்தில் நான்கு.
நடந்ததற்கு அவ்வளவுதான் அத்தாட்சி.
பதிவேட்டில் நேற்றைப் போலவே 'சாதாரணம்' என்று எழுதினேன்.

மூடியைத் திறந்தால்
ஈரக் கரி மேல் ஒரு தவளை.
எப்போது வந்ததோ, வானம் இறங்கிய வழியில்
சொந்த வீடு மாதிரி உட்கார்ந்திருந்தது.
மீட்டர் வைத்தேன். நாலு புள்ளி ஆறு.
தவளையை இரண்டு கையிலும் அள்ளி
வெளியே புல்லில் விட்டேன்.
அதற்கு இந்த இடம் சரிப்படாது.