ஐந்து குதிரைத் திறன்

ஈரங்குடி அகழ்வைப்பகத்தில்
காலை ஒன்பதரைக்கு முதலில் திறப்பது
மோட்டார் கொட்டகை.

இங்கே மூன்றடி தோண்டினால் தண்ணீர்.
கோயிலின் அடித்தளம் கிடைத்ததோ ஒன்பதடியில்.
இரவெல்லாம் ஊறிக் கருவறை நிரம்பி
விடிகிறபோது செங்கல் விளிம்பில்
தவளை ஒன்று உட்கார்ந்திருக்கும்,
தர்மகர்த்தா மாதிரி.
அந்தோணிக்கண்ணு ஒரு வாளி ஊற்றி,
குழாயில் காற்று போக ஆட்டிவிட்டு
ஸ்விட்சைத் தட்டுவார்.
பதினொன்றரைக்குத்தான் கோயில் தெரியும்.
முன்னால் வருகிறவர்களை
உள்ளே போய்ச் சாமியைப் பாருங்கள் என்பேன்.

சாமி கண்ணாடிக்குள், எண் 14,
வலது கை இல்லை.
கோயில் வெளியே, தகரக் கூரையின் கீழ்.
நடுவில் நாற்பது தப்படி, ஒரு பூவரசு,
என் டிக்கெட் மேசை.
இரண்டையும் சேர்த்துவைக்க அரசாணை இல்லை.

பிள்ளைகள் கேட்பது புதையல் கிடைத்ததா.
பெரியவர்கள் கேட்பது எந்த ராஜா.
பலகையில் 'தெரியாது' என்று எழுதியிருந்தேன்.
மேலதிகாரி அடித்து
'ஆய்வில் உள்ளது' என்று திருத்தினார்.

போன மார்கழிக் கடைசியில் ஒரு பெண் வந்தாள்.
பதிவேட்டில் மெக்சிகோ என்று எழுதினாள்.
எண் 14 பக்கம் திரும்பவில்லை.
நேரே கொட்டகைக்குப் போய்
ஓடுகிற மோட்டாரின் சூட்டைத் தொட்டுப் பார்த்தாள்,
எத்தனை என்று விரலை ஆட்டிக் கேட்டாள்.
அந்தோணிக்கண்ணு ஐந்து விரலையும் விரித்தார்.

அவள் போனில் ஒரு படம்:
நகரத்து நடுவில் தோண்டிய கோயில்,
படிக்கட்டுக்குள் படிக்கட்டு,
வாய் பிளந்த கல்பாம்பு,
ஒட்டினாற்போல் ஒரு மியூசியம்.
பாதத்தால் தரையைத் தட்டி
கையால் அலை வரைந்தாள்.
ஏரிமேல் நிற்கிற ஊர் என்று புரிந்தது.
மூன்று பேரும் பேசாமல்
செங்கல் செங்கலாகத் தண்ணீர் இறங்குவதைப் பார்த்தோம்.
இந்தக் கோயிலை
இவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை.

பிறகு அவள் குழாய் போகிற வழியே நடந்தாள்.
வேலிக்கு அப்பால் வைரக்கண்ணுவின் ஏழு மா.
கடைமடை; அந்த வருடம் முறைத்தண்ணீர்
மதகு வரைக்கும் வந்து திரும்பிவிட்டது.
கருவறை ஊற்றில் நின்றது சம்பா,
பால் பிடிக்கிற பருவம்.
ஒரு கதிரை நசுக்கி
விரலில் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
பஸ்ஸை விட்டுவிட்டாள்.

நேற்று சென்னையிலிருந்து கடிதம்.
அடித்தளத்தைச் சுற்றிச் சிமெண்ட் சுவர் இறக்கி
கசிவை நிரந்தரமாக நிறுத்த மதிப்பீடு கேட்கிறார்கள்.
வேலிக்கு அப்பாலிருந்து
வைரக்கண்ணு மோட்டார் ஓடுகிறதா என்று
ஒரு சத்தம் கொடுத்தாள்.

ஆய்வில் உள்ளது என்று பதில் போட்டேன்.
ஃபுட்வால்வுக்கு மட்டும்
வாஷர் மாற்ற வேண்டும்.