இரண்டாயிரத்து ஐந்நூறு

நாலு கிலோவும் முந்நூறு கிராமும்.
சங்கக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்.
கறுப்பு. செப்புக் குழாயின் நுனியை
யாரோ பல்லால் நசுக்கி மூடின மாதிரி.
லொறியொன்றின் தலைமாட்டில் சோடா குளிர்த்தினதாம்,
பஞ்சிகாவத்தையில் விற்றவன் சொன்னான்.
என் மீற்றர் யார் சொல்லையும் கேட்பதில்லை.

மூன்று முனைக்கும் இடையில் ஒரே அளவு ஓம்.
உடம்புக்குக் கசிவில்லை.
சரி, மூச்சைப் பார்ப்போம்.

முத்தையன்கட்டில் நிழலுக்கே முப்பத்தேழு பாகை.
யோகமலர் ஐந்து மணிக்குக் கறக்கிற எருமைப்பால்
எட்டரைக்குப் பவுசர் வரும்போது
புளிப்பதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்.
இருபது லீற்றர்.
இந்தச் சின்ன இதயத்தால் அதை நேரே குளிர்த்த முடியாது.
சிகரெட் மட்டையில் கணக்குப் போட்டேன்:
பகலில் ஏழு கிலோ தண்ணீரை உறையவைத்தால்
விடிய அதற்குள் பால்கானை இறக்கலாம்.

பழைய ஐஸ்கிரீம் பெட்டி. நாலு அங்குல றெஜிபோம்.
கூரையில் ஒரு சோலர் தகடு.
உழவு மெசினில் கழற்றின பற்றரி.

வேகத்தைச் சொல்வது அரிசியளவு எதிர்ப்பி ஒன்று.
அதை மாற்றினால் சுற்று மாறும்.
ஒன்றும் பூட்டாமல் இரண்டாயிரம்:
தொட்டுப் பார்த்தால்தான் ஓடுவது தெரியும்,
ஐஸ் நாளையும் வராது.
மூவாயிரத்து ஐந்நூறு:
ஆறு அம்பியர், பத்தரை மணித்தியாலம்,
வெயில் இறங்க வேலை முடியும்.
இதுதான் என்று எழுதப் போனேன்.

கான் கழுவிக்கொண்டிருந்த யோகமலர்
மூடியைக் கீழே வைத்தார்.
முற்றத்துக்கு நடந்தார்.
பாலைமரத்துக்கு மேலே
வெறும் வானத்தைப் பார்த்தபடி நின்றார்.

மெல்லிய, ஏறாத, இறங்காத,
போகவே போகாத ரீங்காரம்.
அப்போது அதற்கு வண்டு என்று பேர்.
எனக்குப் பதினொரு வயது.
சத்தத்தை வைத்து உயரம் சொல்லுவேன்.

வயரைப் பிடுங்கினேன்.

மூவாயிரம்: வேலியடி மட்டும் வந்தார்.
இரண்டாயிரத்து ஐந்நூறு:
வயிறு நிறைந்த பூனையின் சத்தம்.
திரும்பி வந்து குந்தி
கானின் அடியைத் தேய்க்கத் தொடங்கினார்.
ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பதினைந்து மணித்தியாலம். சூரியன் போனபிறகும்
பற்றரியைத் தின்னும்.
கொப்பியில் வேகம், அம்பியர், நேரம் என்று
மூன்று நிரல் கீறியிருந்தேன்.
நாலாவதாக ஒன்று கீறினேன், தலைப்பிடவில்லை.
பெரிய எண்ணுக்கு நேரே ஒரு புள்ளடி.

எதிர்ப்பியை ஈயம் வைத்து ஒட்டி,
யாரும் பிறகு மாற்றாதபடி
மேலே பசை ஊற்றினேன்.

மறுநாள் எட்டே முக்காலுக்குப் போன் வந்தது.
"நடுவில கொஞ்சம் தண்ணியாத்தான் கிடந்தது தம்பி.
பால் எடுத்துப் போட்டாங்கள்.
மிச்சக் காசு சனிக்கிழமை தாறன்."