பிழையின் விவரம்

டெல்பெர்ட் ஹ்ருஷ்காவின் முதலெழுத்தை
அறுபத்தெட்டில் விழுங்கிவிட்டான்
டா நாங்கில் தட்டச்சு செய்த எவனோ.
காயம்பட்டவன் ருஷ்கா.
நலமாக ஊர் திரும்பியவன் ஹ்ருஷ்கா.
தொடைக்குள் இன்னும் கிடக்கும் இரும்புக்கு
இருவரையும் தெரியாது.

நெப்ராஸ்காவில் பனி.
மூன்றாம் முறையாகப் படிவம் நிரப்புகிறார்.
சான்று இணைக்கவும் என்கிறது ஒரு கட்டம்.
எக்ஸ்ரே உறைக்குள் அடங்கவில்லை.
சாட்சிகளில் ஒருவர் காலமானார்,
மற்றவர் போனை எடுப்பதில்லை.

பதினோரு மாதம் கழித்து
சோளத்தட்டை மட்டும் நிற்கும் வயலோரம்
தபால் வண்டி நின்றது.
பெட்டிக்குள் மூன்று பதக்கங்கள்.
அவர் கேட்டது இரண்டு.

மூன்றாவதைக் கண்ணாடி மாட்டிப் படித்தார்.
வீரத்துக்காம்.

அந்த இரவு சேற்றில்
இவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவன்
லெமுவெல் டேட்.
இவர் செய்ததெல்லாம்
கனத்தது மட்டும்.

"தானாக வந்ததுதானே, இருக்கட்டுமே"
என்றாள் வில்மா, பாத்திரம் துடைத்தபடி.

அவர் பேனாவைத் தேடினார்.
புதுப் படிவம்.
பிழையின் விவரம் என்ற இடத்தில்
டேட்டின் பெயரை
ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி.

பதக்கத்தையும் உள்ளே வைத்து ஒட்டி,
தபால்தலை போதுமா என்று
உறையை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார்.
வெகுநேரம் பார்த்தார்.