பசீன் வீட்டுச் சாவி

சாவியைக் கொடுக்கும்போது
கணவரைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.
"இருபத்தேழு தொட்டி, வடிவு ஜி.
மோக்ராவுக்கு மட்டும் கொஞ்சம் கூட."
கீழே சண்டிகருக்குப் போகிற டாக்சி
இன்ஜினை அணைக்காமல் நின்றது.

மயூர் விஹாரில் அன்று நாற்பத்தைந்து.
காலை ஐந்து நாற்பதுக்குக் குழாய் இருமும்,
ஆறு இருபதுக்கு மூச்சை நிறுத்தும்.
அதற்கப்புறம் மொட்டைமாடி டேங்கிலிருந்து இறங்குவது
தண்ணீர் இல்லை, கொதிக்கிற ரசம்.
அதனால் இரவே வாளிகளில் பிடித்து ஆறவைத்து
விடியலில் அவள் பால்கனியைத் திறப்பேன்.
பள்ளிக்கு விடுமுறை. எனக்கும் வேறு வேலை இல்லை.

முதல் வாரம் கெடுத்துவிட்டேன்.
மதியம் இரண்டு மணிக்கு எட்டிப் பார்த்தால்
செம்பருத்தி தலை கவிழ்ந்திருக்கும்,
விடைத்தாளை வாங்கிய என் எட்டாம் வகுப்புப் பையன் மாதிரி.
பதறி ஒரு சொம்பு ஊற்றுவேன்.
மறுநாளும் தொங்கும். இன்னொரு சொம்பு.
ஆறாம் நாள் இலையெல்லாம் மஞ்சள்,
அடித்தண்டு கொழகொழவென்று.
மேல்மண் அப்போதும் பொரிந்துதான் கிடந்தது.
இரண்டு கணு ஆழம் விரலை விட்டேன்:
சேறு.
வெயில் கொன்றிருந்தால் வெயிலையாவது திட்டியிருக்கலாம்.

நடுப்பகலில் இலை தொங்குவது
கேட்பதற்காக அல்ல என்று பிறகு தெரிந்தது.
கையிருப்பைச் செலவழிக்காமல்
தன்னைச் சுருட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.
சூரியன் யமுனைக்கு அந்தப் பக்கம் இறங்கியதும்
யாரும் தொடாமலே நிமிர்ந்துவிடும்.

மேற்குச் சுவரோரத் தொட்டிகளை இழுத்து
ஒன்றோடொன்று தோள் இடிக்க வைத்தேன்.
பச்சை வலை கட்டினேன். லூ காற்று அதை இரண்டு முறை அவிழ்த்தது.
மண் மூடப் பூங்காவில் வேப்பஞ்சருகு பொறுக்கினேன்;
"மதராஸில் இதைச் சமைப்பீர்களா?" என்று
காவலாளி மஹிபால் உண்மையாகவே கேட்டான்.
துளசியின் மண் இறுகி விளிம்பை விட்டு விலகியிருந்தது,
ஊற்றியதெல்லாம் ஓரமாய் ஓடி வெளியே வந்தது.
தொட்டியோடு தூக்கி நீர்க்குண்டானில் அமர்த்தினேன்.
குமிழிகள் கால்மணி நேரம் பேசிவிட்டு ஓய்ந்தன.
பதினோராவது தொட்டியில் புறா இரண்டு முட்டையோடு.
அதை அப்படியே காயவிட்டேன்.

மாலை ஏழுக்கு அவள் அழைப்பு வரும்.
"மோக்ரா?"
"மூன்று மொட்டு."
"எலுமிச்சை?"
"பிஞ்சு உதிர்கிறது."
"உதிரட்டும். தாங்குவதை அது வைத்துக்கொள்ளும்."
அவள் குரலுக்குப் பின்னால் ஏதோ ஓர் இயந்திரம்
சீராகக் கூவிக்கொண்டிருக்கும்.
செம்பருத்தியை நான் சொல்லவில்லை.
அவளும் மற்றதைச் சொல்லவில்லை.

ஜூன் ஒன்பது, அழைப்பு இல்லை.
பத்தாம் தேதியும் இல்லை.
பதினொன்றாம் தேதி, கொளுத்துகிற ஒரு மணிக்கு
போன் அடித்தது.
"வடிவு ஜி, செம்பருத்தி எப்படி இருக்கு?"
பின்னால் அந்தக் கூவல் கேட்கவில்லை.

என் நாக்கு நுனியில்
ஒரு சொம்பு நிறையக் கேள்வி.
ஊற்றவில்லை.
"போய்விட்டது. தப்பு என்னுடையது. தண்ணீர் அதிகம்."

வெகுநேரம் இருவரும் அப்படியே இருந்தோம்.
கூலர் ஓடியது. புறா இடம் மாறி உட்கார்ந்தது.
"தொட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்" என்றாள்.
"கழுவிக் கவிழ்த்து வையுங்கள்."
வைத்துவிட்டாள்.

கழுவினேன். வேர் ஒட்டிய இடத்தைத்
தேங்காய் நாரால் தேய்த்தேன்.
வெயில் தணியும் வரை
வேறெதையும் தொடவில்லை.

ஏழு மணிக்கு அவளே கூப்பிட்டாள்.
மோக்ராவைப் பற்றிக் கேட்கவில்லை.
பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு
நிமிர்ந்திருந்த தொட்டிகளுக்கு நடுவே
உட்கார்ந்தேன்.
"சொல்லுங்கள்" என்றேன்.